அஞ்சல் கோபுரம் ஊர் வானொலி ஆகாது: பிரசார் பாரதிக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர், வாரிய உறுப்பினர்கள், தலைமைச் செயல் அலுவலர், பிரசார் பாரதி
தலைமை இயக்குநர், ஆகாசவாணி
புது தில்லி

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நாட்டில் எந்த வானொலி நிலையமும் மூடப்படாது என்று 2020 டிசம்பரில், ஆகாசவாணியை நடத்தும் பிரசார் பாரதி அறிவித்தது. அந்தச் சொல்லை நாங்கள் நம்புகிறோம். எங்கள் கவலை வேறு. ஒரு நிலையத்தை மூடாமலே இல்லாமல் செய்துவிடலாம். கோபுரம் நிற்கும், டிரான்ஸ்மிட்டர் ஓடும், வாசலில் பெயர்ப்பலகையும் இருக்கும். காலை முதல் இரவு வரை தலைநகரத்திலிருந்தும் மாநிலத் தலைநகரத்திலிருந்தும் வருவதை வாங்கி அப்படியே மறுஒலிபரப்பும் அஞ்சல் வேலையை மட்டும் செய்துகொண்டே இருந்தால், அந்த ஊருக்கென்று இருந்த வானொலி போய்விட்டது என்றே பொருள். ஆள் குறைப்பு, செலவுக் குறைப்பு, தொகுப்பு நிலையம், மாநிலத்துக்கு ஒரே அலைவரிசை என்று எந்தப் பெயரில் பேச்சு வந்தாலும் முதலில் கை வைக்கப்படுவது உள்ளூர் நிகழ்ச்சி நேரத்தில்தான். நிலையங்களின் எண்ணிக்கையை நீங்கள் டிரான்ஸ்மிட்டரை வைத்து எண்ணுகிறீர்கள். நேயர்கள் தங்கள் ஊரைப் பற்றி வானொலி பேசும் மணிக்கணக்கை வைத்து எண்ணுகிறார்கள்.

தமிழ்நாட்டில் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. பிறகு திருநெல்வேலி, கோவை, நாகர்கோவில், மதுரை, தருமபுரி, கொடைக்கானல், உதகை, தூத்துக்குடி என்று பரவின. புதுச்சேரியும் காரைக்காலும் இந்த வரிசையில் சேரும். இவை ஒரே சரக்கை விற்கும் கிளைக் கடைகளாகத் தொடங்கப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி மண்ணும் தனி நேயரும் உண்டு.

உழவர்களுக்கான பண்ணை இல்ல ஒலிபரப்பைப் பாருங்கள். அக்டோபர் முதல் வாரம் என்று வைத்துக்கொள்வோம். தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் குறுவை அறுவடை நடக்கும். திடீர் மழையில் நெல் நனைந்து, கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டிவிட்டதென்று மூட்டைகள் திரும்பும். அந்த உழவருக்கு அன்று வேண்டியது எங்கே காயப்போடலாம், எத்தனை முறை கிளறிவிட வேண்டும், எந்த நிலையத்தில் சாக்கு இருக்கிறது என்ற தகவல். அதே வாரம் தாமிரபரணிப் பாசனத்தில் கார் பருவம் முடிந்து பிசானப் பருவத்துக்கு நாற்றங்கால் தயாராகும். அங்கே கேள்வி, அணையில் எத்தனை அடி தண்ணீர், எந்தக் கால்வாயில் எப்போது திறப்பு என்பது. நாஞ்சில் நாட்டுக்குக் குறுவையும் சம்பாவும் கிடையாது. அவர்களுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று வேறு பருவங்கள். அந்த வாரம் கும்பப்பூ நடவு. நீலகிரியில் நெல்லே பேச்சில் இல்லை. அங்கே கேரட்டும் தேயிலையும். டிசம்பர் வந்தால் உறைபனி.

இந்த நான்கு பேருக்கும் சேர்த்து மாநிலத் தலைநகரில் அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்று தயாரித்தால் என்ன ஆகும்? "மண் பரிசோதனை செய்யுங்கள், சான்று பெற்ற விதை வாங்குங்கள்" என்ற பொது அறிவுரைதான் மிஞ்சும். தவறில்லாத அறிவுரைதான், ஆனால் அன்றைக்கு யாருக்கும் உதவாது. மூன்றாம் நாள் நேயர் பெட்டியை அணைத்துவிடுவார். பிறகு கேட்போர் குறைந்துவிட்டார்கள் என்று கணக்கு வரும், அந்தக் கணக்கைக் காட்டி அடுத்த வெட்டு வரும்.

1960-களில் திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டுத் தஞ்சை உழவர்கள் ஏடிடி 27 நெல்லைப் பயிரிட்டார்கள். அந்த ரகத்துக்கு மக்கள் வைத்த பெயரே "ரேடியோ நெல்". ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் விதையைக் கொடுத்தது, வானொலி நிலையம் அருகே இருந்ததால் சந்தேகத்துக்கு அதே பருவத்தில் பதில் கிடைத்தது. நாற்றின் வயது, நடும் இடைவெளி, மேலுரம் இடும் நாள் ஆகியவற்றை ஒருவர் பேச, அடுத்த வாரம் நேயர் கடிதம் வர, அதற்கு அதே குரல் விடை சொல்ல, இந்தச் சுற்று பத்து நாளுக்குள் முடிய வேண்டும். பயிர் காத்திருக்காது.

அடுத்தது கடல். வானிலை மையத்தின் அறிக்கை இப்படித்தான் வரும்: "தென்மேற்கு வங்கக் கடல், மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும்." சரியான அறிக்கை. இதை அப்படியே படித்தால் மாநிலம் முழுவதும் ஒரே மாதிரி கேட்கும், யாருக்கும் உறைக்காது. உள்ளூர் அறிவிப்பாளர் இதையே எப்படிச் சொல்ல வேண்டும்? மணப்பாடு, பெரியதாழை, உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று ஊர் ஊராகப் பெயர் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறியிருக்கிறது, நாட்டுப்படகு இறக்க வேண்டாம், கரையில் கட்டிய படகுகள் ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விடுங்கள் என்று சொல்ல வேண்டும். கடலில் இருப்பவர்களுக்குக் கரையேறக் கிட்டே இருப்பது சின்னமுட்டமா, குளச்சலா, தேங்காய்ப்பட்டணமா என்று சொல்ல வேண்டும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயர் தெரிந்தவர் சொன்னால் அந்த வரி காதில் நிற்கும். இது பத்து வினாடி கூடுதல் வேலை. அதற்கு அந்தக் கடற்கரையின் வரைபடம் மனத்தில் இருக்கும் ஓர் ஆள், ஒலிவாங்கி முன் உட்கார்ந்திருக்க வேண்டும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வலுப்பெற்றபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகள் பல, நாட்கள் முன்பே கரையை விட்டிருந்தன. கைப்பேசிக் கோபுரத்தின் வீச்சு கரையிலிருந்து சில கடல் மைல்களோடு முடிந்துவிடும். பண்பலையும் பார்வை எல்லைக்கு உட்பட்டதுதான். 100 மீட்டர் உயரக் கோபுரம், 4 மீட்டர் உயரத்தில் படகின் ஆன்டெனா என்றால் ரேடியோ அடிவானம் ஏறக்குறைய 49 கிலோமீட்டர். உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்கி இரண்டையும் கூட்டினால் இந்தக் கணக்கு வரும். மத்திய அலை (மீடியம் வேவ்) அப்படியில்லை. அது தரையை ஒட்டிப் போகும். உப்புநீரின் மின்கடத்தும் திறன் காய்ந்த நிலத்தைவிடப் பல நூறு மடங்கு என்பதால், நிலத்தில் தேய்ந்துபோகும் அலை கடலில் வெகுதூரம் போகும். மீனவருக்கு ஆகாசவாணியின் மத்திய அலை ஏன் வேண்டும் என்பதற்கு இயற்பியலே காரணம். பழைய தொழில்நுட்பம் என்ற ஒரே சொல்லில் அதை ஒதுக்க முடியாது.

இங்கே எங்கள் தரப்பிலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மத்திய அலைக்கு மின்சாரம் நிறைய வேண்டும், நிலமும் நிறைய வேண்டும். திருச்சியின் 936 கிலோ ஹெர்ட்ஸை எடுத்தால் அலைநீளம் 320 மீட்டர், அதில் கால் பங்கு 80 மீட்டர். பொதுவான விதிப்படி கோபுரத்தைச் சுற்றிப் பூமிக்கடியில் 120 செப்புக் கம்பிகள், ஒவ்வொன்றும் 80 மீட்டர். மொத்தம் ஒன்பதரை கிலோமீட்டருக்கு மேல் செம்பு. அது திருட்டுப் போகிறது, உப்புக்காற்றில் அரிக்கிறது. நாலில் ஒரு பங்கு கம்பி போனாலும் டிரான்ஸ்மிட்டரின் அளவுமானி வழக்கம்போல் சக்தியைக் காட்டும், ஆனால் எட்டும் தூரம் சுருங்கும். எல்லையோர நேயர் "முன்போல் கேட்கவில்லை" என்று எழுதுவார், நிலையம் "இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது" என்று பதில் போடும். இருவரும் பொய் சொல்லவில்லை, பழுது மண்ணுக்குள் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை புலவலிமையை, அதாவது வந்துசேரும் அலையின் வலுவை, எட்டுத் திசையிலும் அளந்து முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் எந்தப் பக்கம் கம்பி போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். இந்தப் பராமரிப்பை நிறுத்திவிட்டு, கேட்போர் இல்லை என்று டிரான்ஸ்மிட்டரை நிறுத்துவது நியாயமல்ல. அந்த நிலத்தை ஒருமுறை விட்டுக்கொடுத்தால், ஊருக்கு நடுவே அத்தனை ஏக்கர் மறுபடியும் கிடைக்காது.

2023 ஏப்ரல் 28 அன்று 18 மாநிலங்களிலும் 2 யூனியன் பிரதேசங்களிலும் 91 பண்பலை டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே நாளில் தொடங்கப்பட்டன. ஒலிபரப்புக் கட்டமைப்புக்கு 2,539.61 கோடி ரூபாய் திட்டமும் அதே ஆண்டு ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. இதை மனதார வரவேற்கிறோம். ஆனால் அந்த 91-ம் 100 வாட் சக்தி கொண்டவை. நல்ல நிலையில் 10, 15 கிலோமீட்டர் சுற்றளவு. அஞ்சல் செய்வதற்கே அமைந்தவை. இவற்றால் கேட்கும் பரப்பு கூடும், பேசும் இடம் ஒன்றுகூட அதிகரிக்காது. மலைமேல் இருக்கும் கொடைக்கானல் பண்பலையோடு ஒப்பிடுங்கள். கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் கணக்குப்படி அடிவானமே 180 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. மலைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தாக்கில் அது விழாது. அங்கேதான் 100 வாட் பெட்டி பயன்படும். இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடல்ல.

அஞ்சல் முறை எங்கே முறிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தில்லியிலோ சென்னையிலோ பேசுவது செயற்கைக்கோளுக்கு ஏறி, நிலையத்து மொட்டை மாடியிலோ வளாகத்திலோ இருக்கும் மூன்று, மூன்றரை மீட்டர் தட்டு ஆன்டெனாவில் இறங்கி, ரிசீவர் வழியாக டிரான்ஸ்மிட்டருக்குப் போகிறது. அந்த அளவுத் தட்டு ஒரு பாகை திரும்பினாலே சிக்னல் போய்விடும். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றில் தட்டின் தாங்குகம்பம் அசையாமல் இருக்கும் என்று எந்தப் பொறியாளரும் உத்தரவாதம் தரமாட்டார். உள்ளூரில் ஸ்டூடியோவும் அறிவிப்பாளரும் இருந்தால், தட்டு போனாலும் நிலையம் பேசும். எல்லாவற்றையும் அஞ்சலுக்கு மாற்றி, கணினிப் பட்டியலை ஓட விட்டுவிட்டால், புயல் கரையைக் கடக்கும் அதே மணியில் அலைவரிசை ஊமையாகும். இல்லையென்றால், மாவட்டமே நீரில் நிற்கும்போது முந்தைய நாள் ஏற்றிவைத்த திரைப்பாடல் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவது நிலை இன்னும் மோசம். கேட்பவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அறுந்தன. அந்த நிலையில் செயலியில் வானொலி கேளுங்கள் என்பது பொருளற்ற பேச்சு. இரண்டு சிறு பேட்டரி போட்ட பாக்கெட் ரேடியோ 40 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்தால், 60 மணி நேரம் ஓடும். டவர் வேண்டாம், டேட்டா வேண்டாம், சார்ஜ் வேண்டாம். கைப்பேசிகளில் பண்பலை வசதியை முடக்காமல் தர வேண்டும் என்று மத்திய அரசே 2023 ஏப்ரலில் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது, பேரிடரைக் காரணம் காட்டித்தான். அந்த வசதியைத் திறந்து நேயர் கேட்கும்போது அந்தப் பக்கம் பேச ஆள் இருக்க வேண்டுமல்லவா?

தனியார் பண்பலைகள் இருக்கின்றனவே என்பார்கள். அவற்றுக்குச் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை, ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். சமுதாய வானொலிக்கும் அதே கட்டுப்பாடு, சக்தியும் பொதுவாக 100 வாட்டுக்குள். ஆகவே இந்த நாட்டில் வானொலிச் செய்தி என்றால் சட்டப்படி உங்கள் ஒருவரிடம்தான் இருக்கிறது. வேறு யாருக்கும் கொடுக்காத உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, மாவட்டச் செய்தியைக் குறைப்பது எப்படிச் சரியாகும்? பிரசார் பாரதிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பல்வேறு வட்டாரங்களின் பண்பாட்டுக்கும் மொழிக்கும் போதிய இடம் தருவதையும், வேளாண்மை, ஊரக வளர்ச்சி, உடல்நலம் போன்றவற்றுக்குத் தனிக் கவனம் தருவதையும் உங்கள் கடமையாக வரையறுக்கிறது. உதகை நிலையத்தில் படுக மொழி ஒலிப்பதும், நெல்லையில் வில்லிசை ஒலிப்பதும், திருவையாற்றுப் பஞ்சரத்தினம் நேரடியாக வீடு வந்து சேர்வதும் இந்தச் சட்டக் கடமையின் கீழ்தான் வருகின்றன. தயவு கூர்ந்து அவற்றைச் சலுகைக் கணக்கில் எழுதாதீர்கள்.

இந்த நெருக்கடி நமக்கு மட்டும் வந்ததல்ல. இங்கிலாந்தில் பிபிசி தன் 39 உள்ளூர் வானொலிகளிலும் வாரநாட்களில் பிற்பகல் 2 மணிக்கு மேல் நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்ளத் திட்டமிட்டபோது, 2023 மார்ச் 15 அன்று அங்கே பத்திரிகையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே குறைந்தபட்சம் எத்தனை மணிவரை உள்ளூர், எப்போதிலிருந்து பகிர்வு என்பது பொதுவெளியில் அறிவிக்கப்பட்டு விவாதிக்கப்பட்டது. இங்கே நேயருக்கு அதுகூடத் தெரிவதில்லை. ஒரு நாள் காலை வழக்கமான குரல் இருக்காது, அவ்வளவுதான்.

அந்தக் குரல்களைப் பற்றி. தற்காலிக அறிவிப்பாளருக்கு மாதத்துக்கு ஆறு நாள் பணிக்கு மேல் தரப்படுவதில்லை. நிரந்தர நிகழ்ச்சி அலுவலர் இடங்கள் பல ஆண்டுகளாக நிரப்பப்படாத நிலையில் இந்த ஆறு நாள்காரர்கள்தான் நிலையத்தைத் தாங்குகிறார்கள். நிகழ்ச்சி வரிசையைக் காட்டும் க்யூ ஷீட்டைச் சரிபார்த்து, அஞ்சல் செய்தி எத்தனை வினாடி முந்தியோ பிந்தியோ முடியும் என்று கணித்து, இடைவெளியை நிரப்பி, தவறு நேர்ந்தால் லாக் புத்தகத்தில் எழுதி, ஒரு நாள் ஒலிபரப்பைக் கரைசேர்ப்பது பழகி வரும் கைத்தொழில். மாதம் ஆறு நாளில் அதைக் கற்றுக்கொடுக்க முடியாது. கற்றவரைத் தக்கவைக்கவும் முடியாது.

ஒலிக்காப்பகம் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். பழைய நிலையங்களில் கால் அங்குல நாடாக்கள் இருக்கின்றன. 1,200 அடிச் சுருள், வினாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில், அரை மணி நேரம். ஈரப்பதத்தில் நாடாவின் பசை இளகி ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் அப்படியே ஓட்டினால் ஒலி அடங்கிய பூச்சு உரிந்து ஓட்டும் தலையில் படிந்துவிடும், பதிவு அத்தோடு அழிந்தது. ஒட்டும் நாடாவை 50 டிகிரிக்குச் சற்று மேல் சீரான வெப்பத்தில் எட்டு மணி நேரம் உலர்த்தி, ஆறவைத்து, சில வாரங்களுக்குள் படியெடுத்துவிட வேண்டும். ஆனால் புளித்த காடி வாடை அடிக்கும் அசிட்டேட் நாடாவை ஒருபோதும் சூடாக்கக் கூடாது, அது சுருங்கி முறியும். இரண்டையும் பிரித்தறியச் சுருளை விளக்குக்கு நேரே பிடித்தால் போதும். அசிட்டேட் ஓரளவு ஒளியை விடும், பாலியெஸ்டர் விடாது. 96 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒற்றைத்தடப் பதிவாக எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி, செலவு பெரிதல்ல. கடினமான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. உறையில் "வில்லுப்பாட்டு, 2 ஆம் பகுதி" என்று மட்டும் எழுதியிருக்கும். பாடுவது யார், குடம் அடிப்பது யார், எந்தக் கோயில் கொடை என்று சொல்லக்கூடியவர்கள் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள், வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். நாடாக்களை மட்டும் லாரியில் ஏற்றித் தலைநகருக்குக் கொண்டுபோனால் பெயரில்லாத கோப்புகள் பல்லாயிரம் சேரும். அடையாளம் காணும் பணி முடியும்வரை ஒரு சுருளும் நிலையத்தை விட்டு நகரக் கூடாது என்று கேட்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு நிலையமும் சொந்தமாகத் தயாரித்து ஒலிபரப்பும் நேரத்தை மாதந்தோறும் நிலையவாரியாக வெளியிடுங்கள். அதற்கு ஒரு கீழ்வரம்பு வையுங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று ஒலிபரப்பிலும் குறைந்தது ஒரு மணி நேரமாவது உள்ளூர் அறிவிப்பாளர் நேரடியாகப் பேச வேண்டும். பண்ணை ஒலிபரப்பும் வானிலையும் மாவட்டச் செய்தியும் அந்த நேரத்துக்குள் வரட்டும். தற்காலிக அறிவிப்பாளரின் ஆறு நாள் வரம்பை, நிரந்தர இடங்கள் நிரப்பப்படும்வரையாவது தளர்த்துங்கள். நேரத்தைக் குறைப்பதென்றால் 60 நாள் முன்பே அந்த அலைவரிசையிலேயே அறிவித்து நேயர் கருத்தைக் கேளுங்கள்.

டீசலையும் கணக்கில் எடுங்கள். 20 கிலோவாட் மத்திய அலை டிரான்ஸ்மிட்டர், குளிரூட்டி, ஸ்டூடியோ எல்லாம் சேர்த்து 40 கிலோவாட் என்று வைத்தால் 72 மணி நேரத்துக்கு 2,880 யூனிட். லிட்டருக்கு 3.2 யூனிட் என்றால் 900 லிட்டர். அந்த அளவு தொட்டியில் இருக்கிறதா, ஜெனரேட்டர் வெள்ள மட்டத்துக்கு மேலே நிற்கிறதா என்று செப்டம்பர் முடிவதற்குள் ஒவ்வொரு நிலையமும் எழுத்தில் சொல்லட்டும். எரிபொருள் தீரும் நிலை வந்தால் சக்தியைப் பாதியாக்கி நேரத்தை நீட்டிக்கும் அதிகாரம், தலைமையகத்தைக் கேட்காமலே, பணியில் இருக்கும் பொறியாளருக்கு இருக்க வேண்டும்.

அக்டோபர் முதல் வாரத்தில், வடகிழக்குப் பருவமழை இறங்கும் முன், கடலோர நிலையங்களில் ஒரு ஒத்திகை நடத்துங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077-லிருந்து நிலையத்துக்கு ஓர் அழைப்பு வர வேண்டும். பணி அலுவலர் செய்தியை எழுதிக்கொண்டு, அதே எண்ணுக்குத் திரும்ப அழைத்து உறுதி செய்து, ஓடிக்கொண்டிருக்கும் அஞ்சலை நிறுத்தி, அறிவிப்பாளர் "இது ஒத்திகை" என்ற சொல்லோடு தொடங்கி ஊர்ப்பெயர்களோடு படிக்க வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை மும்முறை. அழைப்பு வந்த நேரத்துக்கும் முதல் சொல் அலையில் ஏறிய நேரத்துக்கும் இடையே எத்தனை நிமிடம் என்பதை லாக் புத்தகத்தில் எழுதி வெளியிடுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் எந்தப் படியில் தாமதம் என்று பார்த்து, ஒரு வாரத்துக்குள் மறுபடி நடத்துங்கள். கட்டுப்பாட்டு அறைக்கும் பணி அறைக்கும் வேண்டிய மாதிரிச் செய்தித் துண்டுகளை, கடலோர ஊர்ப்பெயர்ப் பட்டியலோடு, இந்த மடலுடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒலிபரப்புப் பொறியாளர்கள், நிகழ்ச்சி அமைப்பாளர்கள், தற்காலிக அறிவிப்பாளர்கள், நேயர்கள்